இடப்பக்கத்துப் படுதா

நீ கேட்டது நியாயம்தான் தம்பி. உங்கள் அப்பா காலமானபோது திண்டுக்கல்லில் பாதி ஊர் வந்து நின்றது. மூன்று தெரு தள்ளியிருக்கிற நான் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடலாம். நீ நல்ல பையன், நம்பிவிடுவாய். ஆனால் அன்றைக்குக் காலையில் நான் மாவுக் கடைக்கு நடந்து போய் வந்ததை உங்கள் தெருவே பார்த்திருக்கிறது. அதனால் பொய் எடுபடாது. வேண்டுமென்றேதான் வரவில்லை.

இன்றைக்கு முப்பதாம் நாள் பூசை என்று கூப்பிட வந்திருக்கிறாய். அதற்கும் வருவதாக இல்லை. இரு, எழுந்திருக்காதே. காப்பி ஆறட்டும். ஏன் வரவில்லை என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு நீயே சொல், லூர்துராஜ் எனக்குச் செய்தது துரோகமா இல்லையா என்று.

உங்கள் அப்பாவும் நானும் வளர்பிறை இளைஞர் நாடக மன்றத்தில் ஒன்றாக இருந்தோம். அது உனக்குத் தெரியும். அவன் ஆர்மோனியம். நான் என்னவாக இருந்தேன் என்று சொல்லியிருக்கிறானா? சொல்லியிருப்பான். சிரிக்காதே. நான்தான் கதாநாயகி.

இப்போது இந்த மூஞ்சியைப் பார்த்தால் உனக்கு நம்பிக்கை வராது. அப்போது இதே மூஞ்சிக்கு ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. மீசை சரியாக முளைக்கவில்லை, இடுப்பு கோணலாக நடக்கும், குரல் உடைய வேண்டிய வயதில் உடையாமல் அப்படியே நின்றுவிட்டது. ஆண்களெல்லாம் ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள் என்றால் எனக்கு அஞ்சு கட்டை சர்வசாதாரணமாக எட்டும். ஒரு ஆணுக்கு இருக்கக்கூடாத குறை எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்ததால் மன்றத்தில் எனக்குப் போட்டியே இல்லை.

நன்றாக நடிப்பேன் என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. ஒரு வருஷம் சண்டைக் காட்சியில் வில்லன் என் கையைப் பிடித்து இழுத்தான். உள்ளே வைத்துக் கட்டியிருந்த துணிப்பந்து ஒன்று அவிழ்ந்து வயிற்றுக்கு இறங்கிவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தன் எழுந்து, "அண்ணி, இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டான். கூட்டம் உருண்டது. நான் விட்டேனா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு வில்லனைப் பார்த்து, "பாவி, உன் அண்ணன் வாரிசுடா இது!" என்று ஒரு அழுகை அழுதேன் பார். கதையிலேயே இல்லாத வசனம். வில்லன் மிரண்டுபோய் என் கையை விட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டான். அதற்கப்புறம் அவனைத் தேடிப் பிடித்து மேடைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அப்படிப் புகழோடு இருந்த காலத்தில்தான் எனக்குக் கல்யாண ஆசை வந்தது. திலகவதி என்று ஒரு பெண். எனக்குத் தூரத்து மாமா வேலாயுதத்தின் மகள். மாமா புகையிலைக் கிட்டங்கியில் மேஸ்திரி. ரேஷன் கடை வரிசையில் திலகவதி நின்று எடைபோடுகிறவனிடம், "தராசை விட்டுக் கட்டைவிரலை எடுங்கண்ணே, அதை வீட்டுக்குக் கொண்டுபோய் சமைக்க முடியாது" என்று சொன்னதைக் கேட்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பெண் கேட்டுப் போனோம். மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். என் அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சி, நான் மாப்பிள்ளை தேடிக்கிட்டிருக்கேன். உன் வீட்டுல இருக்கறது நாத்தனார்ல?"

அம்மா அழுதுவிட்டாள். நானும் அழத்தான் இருந்தேன். அழுதால் அவர் சொன்னது உண்மையாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் மாமா இறங்கி வந்தார். "பய நல்லவன். தாலுகா கச்சேரியில வேலையும் இருக்கு. ஆனா ஒண்ணு. இனிமே சேலை கட்டக் கூடாது. சேலை மட்டும் இல்ல, பொம்பளைக் குரல்ல ஒரு வார்த்தை பேசினான், ஒரு வரி பாடினான்னு என் காதுல விழுந்துச்சு, சம்பந்தம் அத்தோட சரி. நம்ம முருகன் கோயில்ல சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும்."

சூடத்தை அடித்தேன். என் சேலை, சவுரி எல்லாவற்றையும் மன்றத்தில் ஒப்படைத்தேன். உங்கள் அப்பா அன்றைக்கு என் தோளில் கை போட்டுக்கொண்டு, "கதாநாயகி செத்துட்டாடா. பதினாறாம் நாள் சாப்பாடு எப்ப?" என்றான். அப்படி ஒரு நண்பன். அதனால்தான் வயிறு எரிகிறது.

அந்த வருஷம் மன்ற ஆண்டு விழாவுக்கு நாடகம் 'அண்ணி வீட்டு அகல்விளக்கு'. எழுதி நடத்தியவன் கோவர்த்தனன். நான் இல்லாததால் மன்றத்தில் முதல்முறையாக வெளியிலிருந்து நடிகையை வரவழைத்தார்கள். மதுரை அம்சவல்லி. மற்ற மன்றங்களில் அப்போதே அதுதான் வழக்கம். மன்றத்துக்குப் பையன்கள் சொந்தம், அழுகிற அம்மணி வெளியூர். அவர்கள் ஒத்திகைக்கெல்லாம் வரமாட்டார்கள். நாடகத்தன்று மத்தியானம் தகரப்பெட்டியோடு வந்து இறங்குவார்கள், ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள், சாயங்காலம் மேடை.

அம்சவல்லி வந்து இறங்கியதும் கோவர்த்தனன் கதையை விளக்கத் தொடங்கினான். அந்தம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "தம்பி, எந்த சீனுக்கு எந்தப் பக்கமா வரணும், அதை மட்டும் சொல்லுங்க. நாலு வகை அழுகை என்கிட்ட தயாரா இருக்கு. புருஷன் செத்துட்டானா, விரட்டிட்டானா?"

"விரட்டிட்டான்."

"குழந்தை உண்டா?"

"கைக்குழந்தை."

"அப்ப இரண்டாவது அழுகை" என்றாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. பொறாமை என்று நினைக்காதே. அது பொறாமைதான். ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், அந்தம்மாவின் குரல். முந்தின நாள் நத்தத்தில் நாடகமாம். பேசப் பேசக் காற்றுதான் வந்தது. வெற்றிலையும் அதிமதுரமும் மென்றுகொண்டே, "சாயங்காலத்துக்குள்ள தொறந்துரும்" என்றாள்.

எனக்கு அந்த விழாவில் கொடுத்த வேலை, படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது. பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. மேடைக்கு இரண்டு பக்கமும் கூட்டத்தைப் பார்த்த மாதிரி வெள்ளைப் படுதா கட்டியிருந்தார்கள். புதிது, மெல்லிய துணி. இடப்பக்கத்துப் படுதாவுக்குப் பின்னால் நான். அறிவிப்பு செய்கிற மைக்கும் அங்கேதான். வசனம் படிப்பதற்காக எனக்குப் பின்னால் ஒரு பெரிய பல்பு. படுதாவுக்கு முன்னால் கீழே, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உங்கள் அப்பா, ஆர்மோனியத்தோடு.

பொழுது சாய்ந்ததும் முதலில் இன்னிசை. உங்கள் அப்பா ஆர்மோனியம், ஒருத்தன் புல்புல்தாரா, ஒருத்தன் டேப் மேளம். சினிமாப் பாட்டு நாலைந்து பாடினார்கள். அதில் ஒரு பையன் பாதிப் பாட்டில் வரி மறந்துபோய் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாட, கூட்டம் விருப்பத்தோடு பாடுகிறான் என்று கைதட்டியது. அப்புறம் நாடகம். படுதா இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் வேலாயுதம் மாமா, அத்தை, நடுவில் திலகவதி. நான் சத்தியத்தைக் காப்பாற்றுகிறேனா என்று கண்ணால் பார்க்க வந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு பயமும் இல்லை. நான்தான் வேட்டி சட்டையோடு உள்ளே நிற்கிறேனே.

முதல் இரண்டு காட்சியை அம்சவல்லி கண்ணாலும் கையாலும் ஒப்பேற்றிவிட்டாள். மூன்றாவது காட்சி. புருஷன் கைக்குழந்தையோடு அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அவள் வாசலில் நின்று பாட வேண்டும். உங்கள் அப்பா சுதி கொடுத்தான். அந்தம்மா வாயைத் திறந்தாள். சைக்கிள் டியூப்பில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. மறுபடி சுதி. மறுபடி காற்று. கூட்டத்தில் ஒருத்தன் சீட்டியடித்தான். அந்தம்மா என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நாலு வகை அழுகையில் அது எதிலும் சேராது.

கோவர்த்தனன் ஓடி வந்து என் காலைப் பிடித்தான். "அண்ணே, நீங்க பாடுங்க. அவங்க வாயசைக்கட்டும்."

"முன்னால மாமா உட்கார்ந்திருக்கார்டா. குரல் காதுல விழுந்தா என் கல்யாணம் போச்சு."

"உங்களை யாருண்ணே பார்க்கப் போறா? படுதா இருக்குல்ல!"

அதற்குள் இரண்டாவது சீட்டி. கூட ஒரு அசிங்கமான சொல்லும் அந்தம்மாவைப் பார்த்துப் பறந்தது. உங்கள் அப்பா படுதா பக்கம் திரும்பி, கட்டையைப் பிடித்துக்கொண்டே, "சுந்தரம், அஞ்சு கட்டைடா. எடுடா" என்றான். நினைவு வைத்துக்கொள். சுதி கொடுத்துத் தூண்டிவிட்டது உங்கள் அப்பா.

எடுத்தேன். "தொட்டில் கட்டின கையாலே தூணைக் கட்டி அழுறேனே" என்று முதல் வரி. மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. மைதானம் பூராவும் அடங்கியது. இரண்டாவது வரியில் நான் நானாக இல்லை. சூடத்தை மறந்தேன், மாமாவை மறந்தேன். வசனக் கட்டைக் கீழே போட்டேன். மார்பில் அடித்துக்கொண்டேன். தலையை விரித்துப் போடுகிற மாதிரி உலுக்கினேன், இல்லாத கூந்தலை. இல்லாத முந்தானையால் மூக்கைச் சிந்தினேன். வேட்டி அவிழ்ந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடித்துக்கொண்டேன். இடுக்கு வழியாக உங்கள் அப்பா ஒரு கையை மேலும் கீழும் ஆட்டுவது தெரிந்தது. இன்னும் எடு, இன்னும் எடு என்கிறான் என்று புரிந்துகொண்டு இன்னும் ஓங்கி அடித்துக்கொண்டேன்.

கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. எப்படிச் சொல்வது? அழுகையும் சிரிப்பும் சேர்ந்த மாதிரி. உணர்ச்சி மிகுந்தால் சனங்களுக்கு அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். பாட்டு முடிவதற்குள் வாண்டுகள் எல்லாம் ஓடி வந்து இடப்பக்கம் தரையில் உட்கார்ந்துகொண்டன. பெரியவர்கள்கூடக் கழுத்தைத் திருப்பி இடப்பக்கமே பார்த்தார்கள். நடுமேடையில் அந்தம்மா அத்தனை உருக்கமாக வாயசைக்கிறாள், இவர்களுக்கு ஆர்மோனியக்காரனை வேடிக்கை பார்க்க வேண்டியிருக்கிறது! திலகவதி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அவள் ஒருத்திக்குத்தான் கலை தெரிந்தது. பாட்டு முடிந்ததும் கைதட்டல் நிற்கவே இல்லை. ஒன்ஸ்மோர் என்று கத்தினார்கள். மறுபடி பாடினேன். மறுபடி அடித்துக்கொண்டேன்.

நாடகம் முடிந்தது. மாமா நேராக மேடைக்குப் பின்னால் வந்தார். கீழே கிடந்த வசனக் கட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். அவிழ்ந்து கட்டிய வேட்டியைப் பார்த்தார். "அந்தம்மா ரொம்ப நல்லா அழுதாங்க தம்பி" என்றார். "மார்ல அடிச்சுக்கிட்டு அழுதாங்க பாருங்க. பொம்பளையாப் பொறந்தாத்தான் அது வரும்."

கவனித்தாயா? அம்சவல்லியின் இரண்டு கையிலும் மரக் குழந்தை. அவள் எப்படி மார்பில் அடித்துக்கொள்வாள்? பாவம், மாமாவுக்கு அப்போதே பார்வை மட்டு. நான் திருத்தவில்லை. "ஆமாம் மாமா, பொம்பளை பொம்பளைதான்" என்றேன். அந்த இடத்திலேயே, "தை மாசம் வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் மாமா அந்த அழுகையை விடவில்லை. விருந்துக்குப் போனால், பண்டிகைக்குப் போனால், யாராவது சொந்தக்காரர் உட்கார்ந்திருந்தால் ஆரம்பித்துவிடுவார். "மதுரையில இருந்து ஒரு அம்மா வந்துச்சு. என்னா அழுகை! நம்ம மாப்பிள்ளையைக் கேளுங்க, பக்கத்துல இருந்து பார்த்தவரு." நானும் விளக்கமாக அந்தம்மாவைப் புகழ்வேன். திலகவதிக்கு மட்டும் அந்தப் பேச்சு ஆகாது. எடுத்த உடனே முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடுவாள். பின்னாலேயே போய்ப் பார்த்தால் சுவரைப் பார்த்து நின்று குலுங்குவாள், கண்ணெல்லாம் தண்ணீர். இன்னொரு பெண்ணைப் புருஷன் புகழ்ந்தால் யாருக்குத்தான் தாங்கும்? "அழாதே திலகம். அவ யாரோ, நான் யாரோ" என்று முதுகைத் தடவிக் கொடுப்பேன். தடவத் தடவ அதிகமாகும்.

சரி, துரோகத்துக்கு வருகிறேன். திலகவதிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. உங்கள் அப்பாவும் வந்திருந்தான். பெண்களெல்லாம் உள்ளே. வளையல் போடும்போது பாட வேண்டிய அத்தைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேறு யாருக்கும் பாட்டு முழுசாகத் தெரியவில்லை. "பாடத் தெரிஞ்சவங்க யாருமில்லையா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். மாமா கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். தாளை இறக்கக்கூட இல்லை.

"எதுக்குத் தெருவெல்லாம் தேடுறீங்க? மாப்பிள்ளையைப் படுதாவுக்குப் பின்னால நிக்க வச்சாப் போதும். ஆனா மார்ல அடிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க. இது நல்ல காரியம்."

வீடே வெடித்தது தம்பி. உள்ளே சிரிக்கிறார்கள், வெளியே சிரிக்கிறார்கள். உங்கள் அப்பா பந்திப் பாயில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். எனக்குப் பூமி இரண்டாகப் பிளந்தது. மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது! எப்படித் தெரிந்தது? பாடியது தெரிந்தவர்கள் மூன்று பேர். அம்சவல்லி மதுரைக்குப் போய்விட்டாள். கோவர்த்தனன் என் காலைப் பிடித்தவன், சொல்ல மாட்டான். மிச்சம் யார்? அதுவும் மார்பில் அடித்துக்கொண்டது வரைக்கும் சொல்லியிருக்கிறான்! சத்தியத்தை மீறினவன் என்று தெரிந்தும் பெண்ணைக் கொடுத்தவர் முன்னால் நான் எப்படித் தலை நிமிர்வது?

அன்றைக்கு நிறுத்தினதுதான் உங்கள் அப்பாவோடு பேச்சு. ஒருநாள் வீட்டுக்கு வந்தான். "டேய் சுந்தரம், அது என்னன்னா, அந்தப் பல்பு..." என்று ஆரம்பித்தான். கதவைச் சாத்தினேன். அப்புறம் தெருவில் எதிரே வந்தால் நான் எதிர்ப்பக்கம் மாறிவிடுவேன். அவன் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பான். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். திலகவதி எத்தனையோ தடவை சொன்னாள், "அவர் ஒண்ணும் சொல்லலைங்க, சொல்லுறதைக் கேளுங்க" என்று. நண்பனுக்குப் பரிந்து பேசுகிறாள், இளகின மனசு என்று விட்டுவிட்டேன். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது சொல். துரோகமா இல்லையா?

என்ன சிரிப்பு? அப்பா போய் ஒரு மாதம்தான் ஆகிறது, அந்தத் துக்கம்கூட இல்லாமல் சிரிக்கிறாயே.

நிழலா? என்ன நிழல்?

...

யார் சொன்னது? உங்கள் அப்பாவா? வீட்டில் சொல்வானா? என்ன சொல்வான்?

பல்பு எனக்குப் பின்னால்தான் இருந்தது, ஆமாம். வசனம் படிக்க வேண்டாமா? துணி மெல்லிசுதான். அதனால்? ... ஆளுயரத்துக்கா? ஆளைவிடப் பெரிதாகவா? ... வேட்டி அவிழ்ந்ததுமா?

கையை ஆட்டினது, அடிக்காதே, கையை இறக்கு என்று சொன்னதா?

இரு தம்பி. கொஞ்சம் இரு. தண்ணீர் அந்த மேஜைமேல் இருக்கிறது பார், எடு.

அப்படியென்றால் மைதானமே பார்த்திருக்கிறது. சீட்டியடித்தவன் முதற்கொண்டு. உங்கள் அப்பா யாருக்கும் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. வேறென்ன சொல்வான்? மறைக்காமல் சொல். ... முன்வரிசையில் ஒரு பெண்ணா? சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டாளா? அவள் அப்பா அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, "இந்தப் பயலைக் கட்டிக்கிட்டா ஆயுசுக்கும் சிரிச்சுக்கிட்டிருப்பே போலிருக்கே" என்றாரா? அது உங்கள் அப்பா காதில் விழுந்ததா?

அப்போ திலகம் அடுப்படியில்...

விடு. காப்பியைக் குடி. ஆறிப்போயிருக்கும். பரவாயில்லை, குடி.

ஆளுக்கு ஆள் என்னிடம் சொல்ல வந்திருக்கிறார்கள், நான் முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறேன், கதவைச் சாத்தியிருக்கிறேன். சைக்கிளை விட்டு இறங்கி இறங்கி நின்றானே, அவன் கால் வலித்திருக்காதா?

பூசை எத்தனை மணிக்கு? இன்னும் நேரமிருக்கிறது. நான் வேறு சட்டை போட்டுக்கொள்கிறேன், சேர்ந்தே போகலாம். ஒன்று கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உங்கள் மாதா கோயிலில் எல்லாரும் சேர்ந்துதானே பாடுவார்கள்? பாட்டுப் புத்தகம் கொடுப்பார்களா? ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நிற்பார்கள், அதுவும் தெரியும். நான் உன்னோடு ஆண்கள் பக்கமே நிற்கிறேன். ஆனால் ஆண்கள் பாடுகிற கட்டையில் எனக்கு வராது. அஞ்சு கட்டைதான் வரும், இந்த வயதிலும். திரும்பிப் பார்ப்பார்கள், சிரித்தாலும் சிரிப்பார்கள். நீ முன்னாலேயே சாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடு. லூர்துராஜுக்குப் பாட வந்திருக்கிறார் என்று சொல்.

நடுவில் நிற்கலாம் தம்பி. ஓரமாக வேண்டாம்.